மாளிகையார் மண்குடிசைக்கு வந்தால்...!

சீமான் ஒருவர் அடுப்பு மூட்டுகிறார்! ஊதுகிறார், ஊதிக்கொண்டே இருக்கிறார். புகை கிளம்புகிறது, நெருப்பைக் காணோம். கண் சிவக்கிறது, மீசை கருகுகிறது, பட்டுச் சட்டையில் கரி படிகிறது. பக்கத்துக் குடிசைச் சிறுமி வருகிறாள். ஒரு விறகை வெளியே இழுக்கிறாள், இரண்டு சுள்ளியைத் திணிக்கிறாள், ஒரே ஊது! தீ பற்றிக்கொள்கிறது. கொட்டகை அதிரச் சிரிக்கிறது!

எத்தனை படத்தில், எத்தனை நாடகத்தில், எத்தனை கதையில் இந்தக் காட்சியைக் கண்டு களித்திருக்கிறோம்! செல்வத்தில் புரண்டவன் சேரிக்கு வருகிறான். வெந்நீரில் குளித்தவன் தெருக்குழாயடியில் குடத்தோடு நிற்கிறான். பஞ்சணையில் படுத்தவன் பாயிலே புரண்டு, கொசுவோடு போரிடுகிறான். அவன் படும் பாடு நமக்குச் சிரிப்பு. ஏன் சிரிக்கிறோம்? சிரித்து முடித்த பிறகு யாருக்கு என்ன மிச்சம்?

நாட்டில் வேறு பிரச்சினையே இல்லையா, சினிமாச் சிரிப்பை ஆராயத்தான் பத்தி ஒதுக்கினீர்களா என்று தோழர் சிலர் கேட்கக்கூடும். பிரச்சினைகள் உண்டு, மலைபோல் உண்டு. ஆயினும், நாளெல்லாம் உழைத்தவன் தன் கூலியிலிருந்து காசு கொடுத்து வாங்குகிற பொருள் இந்தச் சிரிப்பு. அரிசியில் கல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறோமே, சிரிப்பிலே என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

கூத்துமேடையில் தொடங்கிய கதை

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். புதுவையைச் சுற்றியும் தென்னார்க்காட்டுச் சீமையிலும் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில், விடிய விடிய பாரதக் கூத்து நடப்பதைக் கண்டவர்களுக்குத் தெரியும். பன்னிரண்டு ஆண்டு காடு சுற்றிய பாண்டவர், பதின்மூன்றாம் ஆண்டு தலைமறைவாக வாழ வேண்டும். எங்கே போகிறார்கள்? விராட மன்னன் வீட்டு வேலைக்கு! பீமன் சமையற்காரன். அருச்சுனன், அரண்மனைப் பெண்களுக்கு ஆடல் கற்றுக்கொடுக்கும் பேடி. நகுலன் குதிரை மேய்க்கிறான், சகதேவன் மாடு மேய்க்கிறான். பாஞ்சாலி, அரசிக்குத் தலை சீவிவிடும் பணிப்பெண்!

அரசர்கள் இப்படி ஆட்பட்டு நிற்கும் இடத்தில், கட்டியங்காரன் அடிக்கும் கேலிக்குக் குறைவிருக்காது. ஆனால் கவனியுங்கள்: அந்த ஓராண்டு முடிந்ததும் முடி திரும்புகிறது, வில் திரும்புகிறது, படை திரும்புகிறது. அதுவரை அவர்களோடு அதே சமையற்கட்டிலே வெந்த பிற சமையற்காரர்கள்? அதே தொழுவத்திலே சாணி அள்ளிய மாட்டுக்காரர்கள்? அவர்களுக்குப் பதினான்காம் ஆண்டும் அதே சமையற்கட்டு, அதே தொழுவம்! கதை அவர்களைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

இந்த இலக்கணம்தான், வேடம் மாறி, மொழி மாறி, இன்றுவரை நடைபோடுகிறது.

பிரெஞ்சு நாட்டு அடிமைத் தீவு

நம் புதுவையை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் நாட்டில், 1725-ல், பாரிஸ் நகரத்து மேடையில் ஒரு நாடகம் ஏறிற்று. பெயர் 'அடிமைகளின் தீவு'. எழுதியவர் மரிவோ. ஒரே அங்கம்; கதையும் சிறிது. கப்பல் உடைந்து, ஓர் ஆண்டானும் அவன் அடிமையும், ஒரு சீமாட்டியும் அவள் பணிப்பெண்ணும் ஒரு தீவிலே கரையேறுகிறார்கள். அந்தத் தீவோ, முன்னாள் அடிமைகள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட குடியரசு! அங்கே சட்டம் என்ன? வந்தவர்கள் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும், ஆடையை மாற்றிக்கொள்ள வேண்டும், நிலையை மாற்றிக்கொள்ள வேண்டும். அடிமை ஆண்டான் ஆகிறான். ஆண்டான் ஏவலுக்கு நிற்கிறான். பணிப்பெண், தன் தலைவியின் தளுக்கையும் குலுக்கையும் அவள் முன்னாலேயே நடித்துக் காட்டி மானத்தை வாங்குகிறாள்.

பாரிஸ் சிரித்தது. ஆனால் முடிவு? அடிமை மனமிரங்கி மன்னிக்கிறான், ஆண்டான் கண்ணீர் வடிக்கிறான், ஆடைகள் பழையபடி மாறுகின்றன. எல்லோரும் நல்லவர்களாக ஊர் திரும்புகிறார்கள். பழைய ஆண்டான் ஆண்டானாக, பழைய அடிமை அடிமையாக!

அந்தக் கண்ணீர் நாடகத்தைக் கண்டு கைதட்டிய அதே நூற்றாண்டில்தான், இந்தப் புதுவைத் துறையிலிருந்து மனிதர்களை அடிமைகளாக விலை பேசி, மொரீசியசுக்கும் ரீயூனியன் தீவுக்கும் கப்பலேற்றினார்கள். பாரிஸ் மேடையிலே அடிமைத் தீவு வேடிக்கை. இந்துமாக் கடலிலே அடிமைத் தீவு உண்மை! பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1848-ல். நாடகம் நடந்து 123 ஆண்டு கழித்து! ஆண்டான் சிந்திய மேடைக் கண்ணீருக்கு அவ்வளவு வேகம்!

அதே பாரிசில், 1933-ல் இன்னொரு வேடிக்கை நாடகம் வந்தது. எழுதியவர் ழாக் தெவால். நாடகத்தின் பெயர் 'தொவாரிச்'. ருஷ்ய மொழியில் அதற்குத் 'தோழர்' என்று பொருள். 1917-ல் ஜார் ஆட்சி வீழ்ந்த பிறகு, ருஷ்யப் பிரபுக்கள் பலர் பாரிசுக்கு ஓடி, டாக்சி ஓட்டியும் உணவகத்தில் பரிமாறியும் பிழைத்தார்கள், இது வரலாறு. நாடகத்திலே ஓர் இளவரசனும் அவன் மனைவியான இளவரசியும், ஒரு வங்கி முதலாளி வீட்டில் வேலைக்காரனாகவும் வேலைக்காரியாகவும் அமர்கிறார்கள். ஜாரின் பணம் 400 கோடி பிராங்க் இளவரசன் பெயரில் வங்கியிலே கிடக்கிறது. அது தன் பணம் அல்ல என்று தொட மறுக்கிறான். விருந்துக்கு வந்தவர்கள், தட்டு ஏந்தி வரும் பணிப்பெண்ணைக் கண்டு, 'ஐயோ, மேன்மைதங்கிய இளவரசி!' என்று எழுந்து வணங்குகிறார்கள். வீட்டு எசமானிக்கு மயக்கம் வராத குறை!

நல்ல நகைச்சுவை, மறுக்கவில்லை. ஆனால், கேளுங்கள்: இளவரசி தட்டு ஏந்தினால் அது கதை. அதே பாரிசில் பிறந்தது முதல் தட்டு ஏந்திய ஆயிரமாயிரம் பெண்களுக்கு ஏன் ஒரு நாடகமும் எழுந்து வணங்கவில்லை? பிறப்பால் ஏழையானவளின் ஏழ்மை காட்சியாகத் தோன்றவில்லை. சீமாட்டி தொட்ட பிறகுதான் துடைப்பத்துக்கே மதிப்பு வருகிறது!

நம் திரையிலே

தமிழ்த் திரைக்கு வருவோம். 1958-ல் வந்தது 'சபாஷ் மீனா'. பி. ஆர். பந்துலு இயக்கிய படம். பொறுப்பில்லாமல் திரியும் பணக்கார வீட்டுப் பிள்ளையாகச் சிவாஜி கணேசன். திருந்தி வா என்று தந்தை பட்டணத்து நண்பர் வீட்டுக்கு அனுப்ப, மகனோ தன் பெயரைத் தன் ஏழை நண்பன் சந்திரபாபுவுக்குக் கொடுத்து அங்கே அனுப்பிவிடுகிறான். சந்திரபாபுவுக்கு அந்தப் படத்தில் இரண்டாவது வேடமும் உண்டு: ரிக்‌ஷாக்காரன்! சென்னைத் தெருத் தமிழை அவர் பேசிய பேச்சு, வசனத் தமிழின் விறைப்பையெல்லாம் தூளாக்கிற்று. பணக்காரன் ஏழையாகி அடைந்த புகழைவிட, ரிக்‌ஷாக்காரன் ரிக்‌ஷாக்காரனாகவே நின்று அடைந்த புகழ் பெரிது. இதை மனத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

1963-ல் 'பெரிய இடத்துப் பெண்'. செல்வச் செருக்குள்ள பெண்ணாகச் சரோஜாதேவி; அவளைத் திருத்தும் கிராமத்து வீரனாக எம்.ஜி.ஆர். பணக்கார வேடத்தில் வந்து மணந்து, பிறகு எளிய வாழ்க்கைக்கு இழுத்து வருகிறான். செருக்கு அடங்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே குடிசை என்னவாகிறது? சிறைக்கூடம் ஆகிறது! ஏழ்மை, ஒருத்தியை வழிக்குக் கொண்டுவரும் சவுக்காகிறது. அந்தக் குடிசையிலே ஆயுள் முழுதும் அடுப்பூதும் பெண்கள் எந்தக் குற்றத்துக்காகத் தண்டனை அனுபவிக்கிறார்கள்? சிரிப்பின் நடுவே இந்தக் கேள்வி எழுந்தால், சிரிப்பு கொஞ்சம் கசக்கும். கசக்கட்டும்!

1965-ல் 'எங்க வீட்டுப் பிள்ளை'. இதிலே எம்.ஜி.ஆர். இருவர். மாளிகையில் வளர்ந்து, மைத்துனன் கைச் சவுக்குக்கு நடுங்கும் ராமு. வெளியிலே வளர்ந்து, யாருக்கும் அஞ்சாத இளங்கோ. இருவரும் இடம் மாறுகிறார்கள். பணக்காரப் பிள்ளை எளிய வீட்டுக்குப் போகிறான். எளிய வீட்டுப் பிள்ளை மாளிகைக்கு வந்து, நம்பியார் ஏந்திய சவுக்கை நம்பியார் மீதே திருப்புகிறான். கொட்டகை எழுந்து நின்றது! ஏன்? அங்கே மாறியது ஆடை மட்டுமா? சவுக்கே கைமாறிற்று!

1966-ல் 'அன்பே வா'. கோடீசுவரத் தொழிலதிபர் ஓய்வுக்காகச் சிம்லாவிலுள்ள தம் மாளிகைக்கு வருகிறார்; அதை அவருக்குத் தெரியாமல் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். தாம் யாரென்று சொல்லாமல், தம் வீட்டிலேயே வாடகை கொடுத்துக் குடியிருக்கிறார்! இனிய வேடிக்கை. ஆனால் இதிலே ஏழ்மை என்பது, கோடையிலே அணியும் மெல்லிய சட்டை. வெயில் தணிந்ததும் கழற்றிவிடலாம்.

இவற்றுக்கெல்லாம் பின்னால், 2016-ல் வந்தது சசி இயக்கிய 'பிச்சைக்காரன்'. தாயின் உயிர் பிழைக்க, ஒரு செல்வந்தன் தான் யாரென்று காட்டாமல் ஒரு மண்டலம், 48 நாள், பிச்சை எடுத்து வாழ வேண்டுமென்ற வேண்டுதல். தட்டேந்துவோரின் கேலியும் கெட்டிக்காரத்தனமும் அந்தப் படத்திலே இடம் பெற்றன. ஆனால் அங்கேயும் கணக்கு இருக்கிறது: 48 நாள்! நாற்பத்தொன்பதாம் நாள் அவனுக்கு உண்டு, பக்கத்திலே தட்டேந்தியவனுக்கு?

ஏன் சிரிக்கிறோம்?

இத்தனையும் சொல்லிவிட்டு, ஆகவே சிரிக்காதே, தோழா என்று முடிக்கப் போவதில்லை. சிரிப்பிலே ஒரு நியாயம் இருக்கிறது, பெரிய நியாயம்.

முத்தியால்பேட்டை நெசவாளர்களைக் கேட்கிறேன். ஒரு சீமானை உங்கள் குழித்தறியிலே உட்கார வைத்தால் என்ன நடக்கும்? கால் மிதியைத் தேடும். மிதித்தால் கை நாடாவை மறக்கும். நாடா ஓடினால் பாவு அறுந்து நிற்கும். அறுந்த நூலை முடியக் குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். ஒரு சாண் துணி நெய்வதற்குள், 'அம்மாடி, இத்தனை வேலையா!' என்று மூச்சிரைக்கும். தார் சுற்றும் சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு பொறாமையில் பிறந்ததன்று. அது அறிவின் சிரிப்பு! நாள் முழுதும் 'உனக்கு என்ன தெரியும்?' என்று கேட்கப்பட்டவன், 'எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லையே!' என்று கண்டுகொள்ளும் நேரம் அது. உடலுழைப்பு என்பது மூளையில்லாத வேலை என்ற பொய், அந்த அடுப்புப் புகையிலே கரைகிறது. பெரிய மனிதர் என்பது பிறப்பல்ல, உடுப்பு என்பது வெட்டவெளிச்சமாகிறது. நூறு மேடைப் பேச்சு செய்யாததை அரை நிமிட நகைச்சுவை செய்துவிடும்.

இதற்காகச் சீமானைக் குடிசைக்கு அனுப்பக்கூடத் தேவையில்லை என்று காட்டியவரும் நம் ஊரில் வாழ்ந்தார். 1908 முதல் 1918 வரை புதுவையிலே வாழ்ந்தவர் பாரதியார். முத்தியால்பேட்டைப் பக்கத்துக் குயில் தோப்பு அவர் பெயரோடு சேர்ந்தே பேசப்படும் இடம். அந்தக் காலத்தில் அவர் எழுதி, முற்றுப்பெறாமல் நின்ற நையாண்டிக் கதை 'சின்னச் சங்கரன் கதை'. அதிலே ஒரு ஜமீன்தார் வருகிறார். அவர் ஏழையாவதில்லை, தம் அரண்மனையிலேயே இருக்கிறார். ஆனால் அவர் உண்பதும் உறங்குவதும் புகழ்ச்சி கேட்பதும் அப்படியே எழுதப்பட்டபோது, ஜமீன் பெருமை தானாகக் கழன்று விழுகிறது. எட்டயபுரம் அரண்மனையில் வேலை பார்த்தவரல்லவா எழுதியவர்! உள்ளேயிருந்து கண்ட கண்ணுக்கு வேடமாற்றம் எதற்கு?

திரும்பும் டிக்கெட்டு

அமெரிக்காவில் 1941-ல் ஒரு படம் வந்தது: 'சல்லிவனின் பயணங்கள்'. இயக்கியவர் பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ். கதைநாயகன் ஒரு பணக்கார சினிமா டைரக்டர். சிரிப்புப் படம் எடுத்துச் சலித்து, ஏழைகளின் துன்பத்தைப் படமாக்கப் போகிறேன் என்று கிழிந்த உடை பூண்டு, பையிலே பத்துக் காசோடு கிளம்புகிறான். அவன் வீட்டு வேலைக்காரப் பெரியவர் தடுக்கிறார்: வறுமை என்பது ஓர் கொள்ளைநோய், பாடம் படிக்கக்கூட அதன் பக்கம் போகலாகாது, ஏழைகளுக்கு அது நன்றாகவே தெரியும் என்கிறார். கேட்டானா? கிளம்புகிறான். பின்னாலேயே கம்பெனி அனுப்பிய பெரிய வண்டி வருகிறது. உள்ளே சமையற்காரர், டாக்டர், போட்டோ எடுப்பவர்! வறுமை யாத்திரைக்கு வைத்தியர் துணை!

பிறகு உண்மையாகவே விபரீதம் நேர்கிறது. பெயர் தெரியாத பராரியாகப் பிடிபட்டு, ஆறாண்டு கடுந்தண்டனை பெற்று, கால் விலங்கோடு கல்லுடைக்கும் கூட்டத்தில் சேர்க்கப்படுகிறான். ஒரு நாள் கைதிகளுக்குக் கேலிச் சித்திரப் படம் காட்டுகிறார்கள். விலங்கிட்ட மனிதர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். அவனும் சிரிக்கிறான். சிரிப்பைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள் என்று உணர்கிறான். ஏழைக்குச் சிரிப்பு வேண்டும் என்று சொன்னதில் அந்தப் படம் வென்றது.

ஆனால் அவன் வெளியே வந்தது எப்படி? அவன் இறந்ததாக ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது. சல்லிவனைக் கொன்றவன் நானே என்று சொல்லித் தன் படத்தைப் பத்திரிகையில் வரவைக்கிறான், முகத்தைக் கண்ட நண்பர்கள் ஓடி வருகிறார்கள், விலங்கு கழல்கிறது. பக்கத்திலே அதே விலங்கோடு கல்லுடைத்தவனின் முகம் பத்திரிகையில் வந்தால் யார் ஓடி வருவார்கள்?

இங்கேதான் இருக்கிறது சூட்சுமம்! பணக்காரன் குடிசைக்கு வரும்போது, பையிலே ஒரு திரும்பும் டிக்கெட்டு வைத்திருக்கிறான். அவனைத் தேடும் தந்தை ஒருவர் இருப்பார், வங்கிக் கணக்கு ஒன்று இருக்கும், உண்மை தெரிந்ததும் கைகட்டி நிற்கும் போலீஸ்காரர் இருப்பார். அதனால்தான் அவன் படும் பாட்டைக் கண்டு நாம் அஞ்சாமல் சிரிக்க முடிகிறது. ஏழையின் ஏழ்மை, கையிலே காசு குறைவது மாத்திரமா? திரும்பிப் போக வேறு இடம் இல்லாமை. தன்னைத் தேடி வர எவரும் இல்லாமை! அதை எந்த ஒப்பனைக்காரரும் முகத்திலே பூசிவிட முடியாது.

தொலைக்காட்சியும் இதையே வியாபாரமாக்கிற்று. பிரிட்டனில் 2009-லும் அமெரிக்காவில் 2010-லும் ஒரு நிகழ்ச்சி தொடங்கிற்று. கம்பெனித் தலைவர் ஒட்டுத்தாடியோடு தம் கம்பெனியிலேயே கடைநிலை ஊழியராக வேலை பார்ப்பார், தடுமாறுவார், முடிவிலே தாடியைக் கழற்றி, உடன் உழைத்த இரண்டொருவருக்குப் பரிசு தருவார், கண்ணீர் பெருகும். கூலி விகிதம்? அது அப்படியே இருக்கும்!

மனம் மாறிய முதலாளியைக் கண்டதுண்டா?

இந்தக் கதைகளின் கடைசிக் காட்சி எப்போதும் ஒன்றுதான்: பணக்காரன் மனம் மாறுகிறான். ஏழை படும் பாடு தெரியாததால்தான் கொடுமை செய்தான்; தெரிந்துவிட்டது, திருந்திவிட்டான்; சுபம்!

தெரியாமலா இருந்தது? புதுவைப் பஞ்சாலைகளிலே, பெரிய வாய்க்காலுக்கு இந்தப்புறம் வாழ்ந்த தொழிலாளியின் நிலை, அந்தப்புறத்து வெள்ளை நகரத்தாருக்குத் தெரியாமலா இருந்தது? மனு கொடுத்துச் சொன்னார்கள், கூட்டம் போட்டுச் சொன்னார்கள், வேலைநிறுத்தம் செய்து சொன்னார்கள். 1936 ஜூலை 30. சவானா ஆலைத் தொழிலாளர்மீது துப்பாக்கி பேசிற்று. 12 பேர் மாண்டனர். வ. சுப்பையா போன்றோர் அந்தக் குரலைப் பாரிஸ் வரை கொண்டு சென்றார்கள். 1937-ல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. சங்கம் அமைக்கும் உரிமை வந்தது. எந்த முதலாளியும் ஒரு மாதம் குடிசையிலே தங்கி, அடுப்பூதிக் கண் சிவந்து, மனம் உருகி அதைத் தரவில்லை. பன்னிரண்டு உயிரின் விலை அது!

ஒரு முதலாளி திருந்தினால் ஒரு வீட்டிலே விளக்கெரியும். சட்டம் திருந்தினால் ஊரிலே விளக்கெரியும். வேடிக்கைக் கதை முதலாவதைக் காட்டும்போது, இரண்டாவதை நாம் மறவாதிருக்க வேண்டும்.

அதே பஞ்சாலைகளின் பிற்காலத்தையும் பாருங்கள். ரோடியர் ஆலை என்று ஊர் அழைத்த ஏ.எஃப்.டி. ஆலை, நீண்ட தள்ளாட்டத்துக்குப் பிறகு 2020-ல் மூடப்பட்டது. மாதச் சம்பளத்தை நம்பி மகளுக்கு மணம் பேசியவன், மகனைப் படிக்க வைத்தவன், ஒரு நாளில் வருமானம் இழந்து நின்றான். இதுவும் இருந்த நிலையிலிருந்து இறங்கிய கதைதான்! ஆனால் இதை யாரும் வேடிக்கைக் கதையாக எழுதவில்லை. எழுத முடியாது. ஏனென்றால், இங்கே திரும்பும் டிக்கெட்டு இல்லை.

மூன்று கேள்வி

ஆகவே, தோழர்களே, படம் பாருங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் மூன்று கேள்வியைச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டு போங்கள்.

முதற்கேள்வி: இங்கே யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள்? அடுப்பூதத் தெரியாத சீமானைப் பார்த்தா, அல்லது சீமானுக்குப் பக்கத்தில் நிற்கும் ஏழையின் பேச்சையும் உடையையும் பார்த்தா? முன்னதென்றால் கைதட்டுங்கள். பின்னதென்றால், உங்கள் காசிலேயே உங்களைக் கேலி செய்கிறார்கள்!

இரண்டாவது: அந்தக் குடிசைக்காரருக்குப் பெயர் உண்டா, புத்தி உண்டா, சொந்தக் கதை உண்டா? அல்லது, சீமான் பாடம் படிக்க வைத்த கரும்பலகையா? சந்திரபாபுவின் ரிக்‌ஷாக்காரன் மனத்திலே நிற்பது ஏன் என்று இப்போது விளங்கும்.

மூன்றாவது: கடைசியில் யார் எங்கே போகிறார்கள்? சீமான் காரிலே ஏறிப் போன பிறகு, அந்தச் சிறுமியின் அடுப்பிலே என்ன வேகிறது?

இந்த மூன்றாம் கேள்விக்கும் விடை சொல்லும் வேடிக்கைக் கதையைத் தறிக்குழியிலிருந்தும் ஆலை வாசலிலிருந்தும் வரும் பிள்ளைகள் எழுதட்டும். அடுப்பு மூட்டத் தெரிந்தவர்கள் அவர்கள். சிரிப்பு மூட்டவும் தெரிந்தவர்கள். சீமான் வந்து போகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. குடிசையிலே கதை எப்போதும் இருக்கிறது!